அறுபத்திரண்டாவது வட்டம்

இந்த ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கிடட்டுமா தம்பி? வெயில் அடிக்கும்தான், பரவாயில்ல, எனக்குக் காத்து வேணும். கொஞ்சம் பொறுங்க, மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிடுதேன். காலையில ஒம்போது மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்பினவன், இப்ப மணி ரெண்டரை ஆகப்போவுது, தொண்டையில பொட்டுத் தண்ணி படல. ஆங்... இப்பதான் உயிர் வந்துச்சு.

தம்பிக்கு எந்த ஊரு? மேலச்சத்திரமா? அங்க எனக்கு ஆள் தெரியும்லா. ஊருக்குள்ள எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, டேங்க் பக்கமா? பஸ் ஸ்டாப் பக்கத்துலயா... பஸ் ஸ்டாப் எல்லாத்துக்கும் பொதுல்லா தம்பி, அங்க இருந்து எந்தத் தெருன்னு கேட்டேன். சரி விடுங்க. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான்.

நான் வாத்தியார். வேலாயுதம்னு பேரு, கணக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஒரு வாத்தியார் கக்கத்துல ஃபைல வச்சிக்கிட்டு இந்த வெயிலுல ஏன் அலையுதான்னு நினைப்பீங்க. ஒரு கையெழுத்துக்காக. ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் ஒரு பத்தாங்கிளாஸ் பிள்ளைகிட்ட இருந்து. கிடைக்கலை. மனசே சரியில்ல தம்பி. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும் போல இருக்கு. நீங்க பாட்டுக்குக் கேளுங்க, உறக்கம் வந்தா உறங்குங்க.

போன ஜூன் மாசம் எங்க ஸ்கூலுக்குப் பாளையங்கோட்டையில இருந்து ஹெப்சிபா மேடம்னு ஒருத்தங்க வந்து எங்க எல்லாருக்கும் மூணு நாள் பயிற்சி குடுத்தாங்க. இனிமே ஸ்கூல் முழுக்க அடி கிடையாது, முட்டி போட வைக்கிறது கிடையாது, வெளிய நிறுத்துறது கிடையாது. தப்பு நடந்தா எல்லாரையும் வட்டமா உக்கார வச்சுப் பேசணும். என்ன நடந்துச்சு, யாருக்கு வலிச்சுது, அத சரி பண்ண என்ன செய்யணும். இந்த மூணு கேள்விதான். வலிச்சவங்களுக்கு மனசு ஆறணும், வலிக்க வச்சவன் பொறுப்பேத்துக்கிடணும், அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வகுப்புல நிம்மதியா உக்காரணும். 'இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்ல சார், வாத்தியாரும் இந்த வட்டத்துக்குள்ளதான்'னு மேடம் சொன்னாங்க. நாங்க எல்லாரும் கைதட்டினோம். அன்னைக்குக் குடுத்த சமோசா கூட சூடா நல்லா இருந்துச்சு.

ஹெட்மாஸ்டர் என்னைத்தான் ஒருங்கிணைப்பாளரா போட்டாங்க. நானும் ஒரு வேலைன்னு எடுத்தா விட மாட்டேன் பாத்துக்கிடுங்க. அந்த மூணு கேள்வியையும் எல்லா வகுப்புச் செவத்துலயும் பெயிண்டுல எழுத வச்சேன். வராந்தாவுல ஒரு பெட்டி. யாருக்கு யார் மேல வருத்தம்னாலும் சீட்டு எழுதிப் போடலாம். அப்புறம் வட்டத்துல ஒரு பொருள் கைமாறிக்கிட்டே இருக்கணுமாம், அது யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும், மத்தவங்க கேக்கணும். அதுக்கு என்ன செய்யன்னு எல்லாரும் முழிச்சாங்க. நான்தான் யோசனை சொன்னேன். ஸ்டாஃப் ரூம் பீரோ மேல பதினோரு பிரம்பு சும்மா கிடந்துச்சு. எல்லாத்தையும் முக்கால் முழமா வெட்டி, பச்சை பெயிண்ட் அடிச்சு, நுனியில குஞ்சம் கட்டி, வகுப்புக்கு ஒண்ணா குடுத்துட்டோம். பேசுகோல்னு பேரும் வச்சோம்.

மொத நாள் ஆறாம் வகுப்புல அத ஒரு பையன்கிட்ட நீட்டுதேன், அவன் உள்ளங்கைய விரிச்சு நீட்டிக்கிட்டு கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். 'ஏலே, அடிக்க இல்லலே, பேசுறதுக்கு'ன்னேன். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்து வலியே வந்துட்டு. இப்பவும் பாதிப் பிள்ளைய அப்படித்தான் வாங்கும். பழக்கம், என்ன செய்ய.

ஆனா வேலை நல்லாத்தான் நடந்துச்சு. சைக்கிள்ல காத்த இறக்கி விட்டான், வட்டம். டிபன் பாக்ஸ ஒளிச்சு வச்சான், வட்டம். 'மன்னிச்சிருலே', 'சரிலே', கைகுடு, கையெழுத்துப் போடு. ஒரு பீரியட்ல நான் நாலு வட்டம் முடிப்பேன். ஹெப்சிபா மேடம் ஒரு தடவ வந்து பாத்துட்டு, 'சார், இவ்வளவு வேகமா முடியாது, முடியவும் கூடாது'ன்னாங்க. அவங்களுக்கு என்ன, ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போயிருவாங்க. போர்ஷன் முடிக்கறது யாரு? பைய எல்லாம் அதுக்கும் பழகிட்டானுவ. ஒருத்தன ஒருத்தன் சாத்து சாத்துன்னு சாத்திப்புட்டு, நான் போறதுக்குள்ள அவனே 'சார், மன்னிப்புக் கேட்டுட்டேன், வட்டம் முடிஞ்சிட்டு'ன்னு வந்து நிப்பான். அறுபத்தொரு வட்டம் தம்பி. ரிஜிஸ்தர்ல அறுபத்தொண்ணுலயும் 'தீர்ந்தது'ன்னு இருக்கு. மேலிடத்துல இருந்து வந்து பாத்தவங்க, உங்க ஸ்கூலத்தான் இந்த வருஷம் முன்மாதிரிப் பள்ளியா எழுதப் போறோம்னு வாய் விட்டுச் சொன்னாங்க.

அந்த அறுபத்திரண்டாவதுதான் சவம், தீரல.

அது என் வட்டம்.

ஆமா தம்பி, நான் நடத்தினதுன்னு சொல்லல. என் மேல எழுதிப் போட்ட சீட்டு. மகிழரசின்னு ஒரு பிள்ள, பத்தாங்கிளாஸ் பி செக்‌ஷன். மத்த பிள்ளைய எல்லாம் பேரு போடாம எழுதும், இவ பேரு, நம்பர், தேதி எல்லாம் போட்டு, 'வேலாயுதம் சாருடன் வட்டம் வேண்டும்'னு எழுதியிருந்தா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பெட்டியத் தொறந்து வாசிச்சது நான்தான்.

அப்படி என்ன செஞ்சிட்டேன்னு கேளுங்க. ஜூலை மாசம், மத்தியானம் மொத பீரியட். மொத பெஞ்சுல ஒரு பையன் வாந்தி எடுத்துட்டான். வகுப்பு பூரா மூக்கப் பொத்துது. கூட்டிப் பெருக்குற அம்மா அன்னைக்கு லீவு. யாராவது ஒருத்தர் செஞ்சுதானே ஆகணும்? நான் இவளக் கூப்பிட்டேன். 'ஏ மகிழு, எந்திரி, வெளிய போய் மண்ணு அள்ளிட்டு வந்து போட்டு, அள்ளித் தொடச்சு விடு'ன்னேன். எந்திரிச்சா, அள்ளினா, தொடச்சா, கை கழுவிட்டு வந்து உக்காந்தா. நான் பாடத்த நடத்தினேன். அஞ்சு நிமிஷ வேலை தம்பி. அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லல அவ. மூணு மாசம் கழிச்சு அக்டோபர்ல சீட்டு எழுதுதா.

காலனிப் பிள்ளதான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் அதெல்லாம் பாக்குற ஆளே கிடையாது. என்கிட்ட படிச்ச காலனிப் பைய ரெண்டு பேரு இன்னைக்கு போலீஸ்ல இருக்கானுவ, என்னப் பாத்தா வண்டிய நிறுத்திக் கும்புடுவானுவ. இவளும் கணக்குல மோசம் இல்ல, பி செக்‌ஷன்ல இவதான் ஃபர்ஸ்ட். அந்தப் பையன் வாந்தி எடுத்தப்ப கூட மூணாவது பெஞ்சுல ஜன்னலோரமா உக்காந்து ஒரு கணக்கப் போட்டுக்கிட்டுதான் இருந்தா.

சரி, வட்டம் வச்சாச்சு. யார் நடத்துறது? ஹெப்சிபா மேடம் போன்ல, 'சார், நீங்க நடத்தக் கூடாது, நான் வாரேன்'னாங்க. ஹெட்மாஸ்டருக்கு அது பிடிக்கல. நம்ம வீட்டு விஷயத்துக்கு வெளி ஆள் எதுக்கு, ஒருங்கிணைப்பாளர்தான் நடத்தணும்னு விதியில இருக்குன்னாங்க. ஒருங்கிணைப்பாளர் நான். அதனால என் வட்டத்த நானே நடத்தினேன்.

நடத்தினேன்னா சும்மா இல்ல தம்பி, மனசு விட்டுப் பேசினேன். கோல் என் கையில. நாப்பது நிமிஷம். எங்க அப்பா பட்ட பாடு, நான் செருப்பு இல்லாம ஸ்கூலுக்கு நடந்தது, வாத்தியார் வேலைங்கிறது தாய் மாதிரின்னு எல்லாம் சொன்னேன். எனக்கே அழுகை வந்துட்டு. ரெண்டு மூணு பிள்ளைய அழுதுச்சு. 'மன்னிச்சிரும்மா மகிழரசி'ன்னு வாய் விட்டுக் கேட்டேன். எந்த வாத்தியார் கேப்பான்? கேட்டுட்டு கோல அவ முன்னால தரையில வச்சேன். எடுத்துக்கிட்டா. ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

'அன்னைக்கு ஏன் சார் என்னைக் கூப்பிட்டீங்க?'

அவ்வளவுதான். அதுக்குள்ள பெல் அடிச்சிட்டு.

ரெண்டாவது வட்டத்துக்கு அவ அம்மாவ வரச் சொன்னோம். தீப்பெட்டி ஆபீஸ் வேலைய விட்டுட்டு வந்துச்சு பாவம், ரொம்ப நல்ல பொம்பள. உள்ள வந்த உடனே கையெடுத்துக் கும்புட்டு, 'பிள்ள தெரியாம எழுதிப் போட்டுட்டா சார், மனசுல வச்சிக்கிடாதிய, நீங்க மன்னிச்சிருங்க'ன்னு அழுதுட்டு. எனக்கே சங்கடமா போச்சு. மன்னிச்சிட்டேன்மா, அழாதீங்கன்னேன். ஹெட்மாஸ்டருக்கு ரொம்ப சந்தோஷம், 'தீர்ந்ததுன்னு எழுதுங்க சார்'னாங்க. ஆனா கையெழுத்துப் போட வேண்டியது பிள்ளதானே. அவ தன் அம்மா முகத்தயே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் என்னப் பாத்து, 'ஏன் சார் நான்?'னா.

மூணாவது வட்டம் பி.டி. பீரியட்ல வச்சேன். அது என் தப்புதான், ஒத்துக்கிடுதேன். விளையாட்டு போன கோவத்துல வகுப்பே அவ மேல பாஞ்சிட்டு. 'சார்தான் மன்னிப்புக் கேட்டுட்டாவல்லா, இன்னும் என்னவாம் இவளுக்கு'ன்னு. அன்னைக்கு கோல அவ வாங்கவே இல்ல. அதுக்கப்புறம் மத்தியானம் தனியா உக்காந்துதான் சாப்பிட்டா. நானும் பாத்தேன். அது பிள்ளைகளுக்குள்ள உள்ளது, நாம தலையிட முடியாது. சீட்டு எழுதிப் போட்டிருந்தா வட்டம் வச்சிருப்பேன், அவதான் எழுதலயே.

நாலாவது வட்டத்துல நான் செஞ்சத எந்த வாத்தியாரும் செய்ய மாட்டான். மூணாவது கேள்வி இருக்குல்லா, சரி பண்ண என்ன செய்யணும்னு? ஒரு வாளி, ஒரு ஈரத்துணி கொண்டுவரச் சொன்னேன். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, வகுப்பு பாக்க, அதே இடத்துல முட்டி போட்டுத் தொடச்சேன். ஹெட்மாஸ்டர் போட்டோ எடுத்தாங்க. சுத்தமான தரைதான், இருந்தாலும் தொடச்சேன்லா? அம்பத்துமூணு வயசுல முட்டி வலிய வச்சிக்கிட்டு! எந்திரிச்சு அவளப் பாத்தேன். அவ அழுதா. சரி, உருகிட்டான்னு நினைச்சேன். அழுதுக்கிட்டே அதையேதான் கேட்டா தம்பி. 'இத நான் கேக்கல சார். ஏன் என்னைக் கூப்பிட்டீங்கன்னுதான் கேட்டேன்'னு.

பொங்கல் லீவுக்கு அப்புறம் வரல.

அவ அத்த வீட்டுல கொண்டு விட்டுட்டாங்களாம், கீழக்கோட்டூர்ல. வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டுதாளாம். பி செக்‌ஷன்ல ஃபர்ஸ்ட் மார்க் எடுத்த பிள்ள. எனக்கு வருத்தமா இல்லயா? இருக்கு தம்பி. பேர் வாசிக்கும்போது இப்பவும் அவ நம்பரையும் சேத்தே வாசிச்சிருதேன். ராத்திரி எல்லாம் உறக்கம் இல்ல. ஹெட்மாஸ்டருக்கும் உறக்கம் இல்ல, ஆனா அது வேற காரணம். முன்மாதிரிப் பள்ளி ஃபைல் மேல போகணும், ஒண்ணே ஒண்ணு தீரல. 'போய்ப் பேசிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார், பரீட்சை வேற நாளைக்கு, ஹால் டிக்கெட்டையும் கையோட குடுத்திருங்க'ன்னாங்க. அதான் போனேன்.

நல்லபடியாத்தான் உக்கார வச்சாங்க, குத்தம் சொல்லக் கூடாது. வாசல்ல நாற்காலி போட்டாங்க. அவளே சில்வர் செம்புல தண்ணி கொண்டாந்து நீட்டினா, கையில பசை காஞ்சு போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. 'இப்பதான்மா பஸ் ஸ்டாண்டுல குடிச்சேன்'னுட்டேன். வெளித் தண்ணி எனக்குச் சேராது, வேற ஒண்ணும் இல்ல. செம்ப அப்படியே திருப்பி உள்ள கொண்டு போயிட்டா.

ஃபாரத்த எடுத்து நீட்டினேன். மூணு காப்பி, மூணுலயும் எங்க போடணும்னு பென்சிலால புள்ளி வச்சிருந்தேன். எல்லாத்தையும் முழுசா வாசிச்சா. வாசிச்சிட்டு, 'இங்க கோல் இல்லயே சார், நான் பேசலாமா?'ன்னு கேக்கா. பேசும்மான்னேன். 'நீங்க மன்னிப்புக் கேட்டுட்டீங்க, தரையத் தொடச்சீங்க, எங்கம்மாவ அழ வச்சீங்க. ஏன் நான்னு மட்டும் சொல்லவே இல்ல. சொல்லுங்க, இப்பவே போடுதேன்'னா. பேனாவக் கூட தொறந்து கையில வச்சிருந்தா தம்பி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'எத்தன தடவ உன் கால்ல விழணும்? ஊருல உலகத்துல நடக்காததயா நான் செஞ்சிட்டேன்?'னு கத்திப்புட்டேன். தெருவே எட்டிப் பாத்துச்சு. ஃபைலத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்து வந்துட்டேன். பின்னால 'சார், சார்'னு கூப்பிட்டா, நான் திரும்பிப் பாக்கல.

இந்தாங்க, அந்த ஃபாரத்த நீங்களே பாருங்க. இதுல என்ன தப்பா இருக்குன்னு சொல்லுங்க. 'பாதிக்கப்பட்டவர் மனநிறைவு அடைந்தார்', இந்தப் புள்ளியில ஒரு கையெழுத்து... என்ன விழுந்துச்சு? உங்க கால்கிட்ட. எடுங்க தம்பி.

அட.

ஹால் டிக்கெட்.

அவளுதுதான். போட்டோவப் பாருங்க, ரெட்ட ஜடை. குடுக்க மறந்துட்டேனே. அதுக்குத்தான் கூப்பிட்டாளோ என்னமோ. கையெழுத்து ஞாபகத்துல இது மறந்தே போச்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பரீட்சை.

இறங்கித் திரும்பிப் போங்கங்கீங்க. அடுத்த ஸ்டாப்புல இறங்கலாம்தான். எதிர்த்த பஸ் நாலு மணிக்கு இருக்கு. இருக்கு, இல்லன்னு சொல்லல. போனா மறுபடியும் வாசல்ல நிப்பா. மறுபடியும் அதத்தான் கேப்பா. வேணும்னா நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வந்து வாங்கிக்கிடட்டும். ஸ்கூல் அவளுக்குத் தெரியாத இடமா? வருவா, படிக்கிற பிள்ளதானே. வராட்டா நாம என்ன செய்ய முடியும்? நீங்க வேற, அப்படிப் பாக்காதீங்க தம்பி. ஸ்டாப் போயிட்டு, பாருங்க, நான் எந்திரிக்கதுக்குள்ள டிரைவர் எடுத்துட்டான்.

என்னது?

நீங்களும் கேக்கீங்களா? நாப்பத்திரண்டு பேர் இருந்த வகுப்புல, வாந்தி எடுத்தது மொத பெஞ்சுல, மூணாவது பெஞ்சு ஜன்னலோரத்துல இருந்தவள ஏன் கூப்பிட்டேன்னு?

யோசிச்சேன் தம்பி. யோசிக்காம இல்ல. சவரம் பண்ணும்போது கண்ணாடியில பாத்து என்னையே கேட்டிருக்கேன். நல்லாப் படிக்கிற பிள்ள, சொன்னா செய்யும், அதான் கூப்பிட்டேன்னு சொல்லிப் பாத்தேன். அது எனக்கே நிக்கல. பக்கத்துல இருந்தான்னு சொல்ல முடியாது, பக்கத்துல இல்ல. அன்னைக்கு யோசிச்சு, இவளக் கூப்பிடுவோம்னு கூப்பிட்டிருந்தாக் கூட, ஆமா, இதனாலதான்னு ஒரு பதில் சொல்லிரலாம். யோசிக்கவே இல்ல. வாந்தியப் பாத்தேன், கை தானா அவ பக்கம் நீண்டுட்டு. வகுப்புல ஒரு பிள்ள கூட ஆச்சரியமாப் பாக்கல. அவளும் ஏன்னு கேக்கல, உடனே எந்திரிச்சிட்டா. இத நான் எப்படி தம்பி அந்தப் பிள்ள முகத்தப் பாத்துச் சொல்லுவேன்? சொல்ல முடியுமா? எந்த ஃபாரத்துல எழுத?

சரி, பையத் தூக்கிட்டீங்க. உங்க ஸ்டாப் இன்னும் வரலயே, இது வேற ஊருல்லா? உக்காருங்க. கோவமா? ஏன் தம்பி முகம் அப்படி ஆயிட்டு?

ஆமா, கேக்கணும்னு நினைச்சேன். மேலச்சத்திரத்துல எந்தத் தெருன்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லயே?